கண்ணாடிப் பெட்டிக்குள் சித்திரை வெயில்

சென்ற பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், கொழும்பிலிருந்து வெளிவரும் வார இதழ் ஒன்றின் சிறுவர் இணைப்பை வாசிக்க நேர்ந்தது. பெயர் வேண்டாம், அதே தொழிலில் முப்பது வருடங்களை ஓட்டியவன் என்ற முறையில் எனக்கும் கொஞ்சம் கூச்சம் உண்டு. ‘சிரமம் தராத செல்லப்பிராணி’ என்ற தலைப்பில் பல்லி வளர்ப்பைப் பற்றி அரைப்பக்கக் கட்டுரை. நாயைப் போலக் குரைக்காது, பூனையைப் போல அயல்வீட்டு மீனைத் திருடாது, உலாத்தக் கூட்டிச் செல்ல வேண்டியதில்லை, அறை மூலையில் ஒரு கண்ணாடிப் பெட்டி போதும் என்றெல்லாம் அடுக்கியிருந்தார்கள். பெட்டியின் அடியில் மின்சார வெப்பத்தாள் ஒட்ட வேண்டுமாம். மேலே வெப்ப விளக்குத் தொங்கவிட வேண்டுமாம். பல்லிக்குக் குளிர் தாக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். இதை நான் வாசித்துக்கொண்டிருந்த வேளையில், பிலிமத்தலாவையில் என் வீட்டு விறாந்தையில் தொங்கும் வெப்பமானி 32 பாகையைக் காட்டிக்கொண்டிருந்தது. மலைநாட்டின் வாசலில் இருக்கும் எங்களுக்கே இந்தக் கதி என்றால், கொழும்பின் புழுக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இக்கட்டுரை எவ்வாறு பிறந்திருக்கும் என்பதை என்னால் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியும். பக்கத்தை முடிக்கும் நேரத்தில் விளம்பரம் ஒன்று விலகிவிடும். அரைப்பக்கம் வெறுமையாகக் கிடக்கும். உதவி ஆசிரியர் ஆங்கில இணையத்தளம் ஒன்றைத் திறப்பார். வருடத்தில் பாதி மாதங்கள் வீட்டைச் சூடாக்கியே வாழவேண்டிய நாடொன்றில் எழுதப்பட்ட அறிவுரை, அரை மணித்தியாலத்தில் தமிழாகி அச்சுக்குப் போய்விடும். நானும் இந்தப் பாவத்தைச் செய்திருக்கிறேன். உறைபனியிலிருந்து ரோசாச் செடியைக் காப்பது எப்படி என்று மட்டக்களப்பு வாசகர்களுக்குப் பாடம் நடத்திய பெருமை எனக்குண்டு. அதனால் ஒரு ரோசாவும் சாகவில்லை. பல்லிக் கட்டுரையை அப்படி விட்டுவிட முடியாது. அதை நம்பி ஒரு பிள்ளை தகப்பனை நச்சரிக்கும். தகப்பன் ஒரு பல்லியை வாங்கிக் கொடுப்பார். பெட்டி அழகாகத் தெரிய வேண்டுமென்று யன்னலோரத்தில் வைப்பார்கள். அடியில் வெப்பத்தாள் எரியும். பிற்பகல் மூன்று மணி வெயில் கண்ணாடியில் விழும். பிள்ளை பாடசாலை விட்டு வரும்போது பல்லி வாயைப் பிளந்தபடி கிடக்கும். வெளிநாட்டு ஊர்வனவற்றை இந்நாட்டுக்குள் கொண்டுவருவதற்கு வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி தேவை என்பதையும் அந்தக் கட்டுரை மறந்தும் சொல்லவில்லை.

கட்டுரையில் படமாக வந்திருந்தது லெபர்ட் கெக்கோ எனப்படும் சிறுத்தைப் பல்லி. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகிய பகுதிகளின் வறண்ட பாறை நிலங்களைச் சேர்ந்தது. வறண்ட நிலத்துப் பிராணி என்றவுடன் வெயிலைத் தின்று வாழ்வது என்று எண்ணிவிடுகிறார்கள். உண்மையில் அது பகலெல்லாம் பாறை இடுக்கிலும் மண்பொந்திலும் கிடந்து, பொழுது சாய்ந்த பின்னரே வெளியில் வரும் பிராணி. இதை வளர்ப்பதில் பழகியவர்கள், பெட்டியின் ஒரு பக்கம் 32 பாகையளவிலும் மறுபக்கம் 25 பாகையளவிலும் இருக்க வேண்டும் என்பார்கள். கொழும்பிலோ கண்டியிலோ முதலாவது எண்ணிக்கைக்காகப் பங்குனி சித்திரையில் ஒருவரும் ஒரு சதமும் செலவழிக்கத் தேவையில்லை; அறையே அதைத் தந்துவிடும். கிடைப்பதற்கு அரியது அந்த இரண்டாவது எண்ணிக்கை. அதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரியும் இல்லை.

பல்லிக்கு வியர்ப்பதில்லை. நமக்குச் சூடேறினால் உடம்பு தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். தோல் நனையும், காற்றுப் பட்டால் குளிரும். நாய் நாக்கைத் தொங்கவிட்டு இளைக்கும். பல்லிக்கு இருக்கும் பிரதான வழி இடம் மாறுவது. சூடு வேண்டுமானால் சூடான இடத்துக்குப் போகும், போதுமென்றால் விலகிவிடும். ஆகவே பல்லியைப் பெட்டிக்குள் வைத்து, அந்தப் பெட்டி முழுவதும் ஒரே வெப்பத்தில் இருக்குமாறு செய்பவர், அதனிடமிருந்து உடம்பின் ஒரு பாகத்தையே வெட்டி எடுத்தவராகிறார். ‘சிரமம் தராத’ என்ற அடைமொழியின் மீது எனக்குள்ள ஆத்திரம் இதுதான். சிரமம் எங்கும் போய்விடவில்லை. பல்லி தன் கால்களால் செய்துவந்த வேலை வளர்ப்பவர் தலையில் வந்து விழுகிறது. அதைச் செய்ய முடியாதவர்களிடம் போய், சிரமமில்லை வாங்குங்கள் என்று சொல்வது பச்சைப் பொய்.

2022 ஆம் ஆண்டு ஜூலை 19 ஆம் திகதி நினைவுக்கு வருகிறது. மறுநாள் புதிய ஜனாதிபதியைத் தெரிவுசெய்யப் பாராளுமன்றத்தில் வாக்கெடுப்பு. நாடே அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. நான் குடையும் கையுமாகப் பெற்றோல் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். தென்மேற்குப் பருவக்காற்றின் தூறல். அப்போது இலண்டனிலிருந்து என் தமக்கையின் மகள் அழைத்தாள்.

“மாமா, நீங்க வெயில் நாட்டுலதான இருக்கீங்க? அங்க பல்லியெல்லாம் இந்தச் சூட்டுல என்ன செய்யும்?”

பிரித்தானியாவில் வரலாற்றிலேயே முதற் தடவையாக 40 பாகையைத் தாண்டிய நாள் அது; லிங்கன்ஷயரின் கொனிங்ஸ்பியில் 40.3 பதிவாயிற்று. அவளுடைய மகனிடம் கிரெஸ்டட் கெக்கோ ஒன்று இருந்தது. கண்ணுக்கு மேலே இமைமயிர் போல முள்விளிம்பு கொண்ட, மரத்தில் வாழும் சிறு பிராணி. பசுபிக்கிலுள்ள நியூ கலிடோனியாத் தீவுக்கு உரியது. அழிந்துபோயிற்று என்று நம்பப்பட்டு 1994 இல் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது. இன்று மேலை நாடுகளின் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகப் பெருகிக் கிடக்கிறது. இதற்கு 22 முதல் 26 பாகை வரை சுகம். 28 ஐத் தாண்டி நீடித்தால் ஆபத்து. அவளுடைய வீடோ குளிரைத் தடுக்கவென்று கட்டப்பட்டது. உள்ளே வந்த சூடு வெளியே போக வழி தெரியாமல் நின்றுவிட்டது. மேல்மாடி அறையில் 34 பாகை. பையன் அழுதுகொண்டிருந்தான்.

நான் கலைப்பட்டதாரி. எனக்குத் தெரிந்த பல்லி சாத்திரமெல்லாம் பஞ்சாங்கத்தின் கடைசிப் பக்கத்தோடு சரி. வரிசையில் நின்றபடியே, பேராதனையில் விலங்கியல் படித்த பழைய நண்பரை அழைத்துக் கேட்டு, ஒன்றொன்றாக அவளுக்குச் சொன்னேன். அவற்றை இங்கே எழுதி வைப்பதில் தவறில்லை. ரொறன்ரோவிலும் சிட்னியிலும் பரிசிலும் இதே கவலையோடு யாராவது இருப்பார்கள்.

முதலாவதாக, பெட்டியைக் குளிர்விக்க முயல்வதற்கு முன்னர் வீட்டின் குளிர்ந்த இடத்தைத் தேட வேண்டும். பெரும்பாலும் அது கீழ்த்தளத்தில், தரையோடு ஒட்டிய, வெயில் படாத சுவரோரம். விளக்கை அணைத்துவிட வேண்டும். கண்ணாடியில் நேர்வெயில் ஒரு கணமும் விழக்கூடாது. வெயில் உள்ளே நுழையும், சூடு வெளியேறாது. நிறுத்தி வைத்த காரின் கதைதான். வெப்பமானி ஒன்று போதாது. சூடான காற்று மேலேறும் என்பதால் உயரமான பெட்டியின் உச்சியில் ஒன்றும் அடியில் ஒன்றும் வேண்டும். மரப்பல்லி பகலில் உறங்குவது உச்சியில்தான் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

இனி மின்விசிறி. நிறையப் பேர் ஏமாறுவது இங்கேதான். மின்விசிறியின் காற்று நமக்குக் குளிர்வது நம் வியர்வையினால். வியர்க்காத பல்லியின் மீது 34 பாகைக் காற்றை வீசினால் 34 பாகைக் காற்றுத்தான் படும். கூடவே அதன் தோலும் உலரும். மின்விசிறிக்கு ஈரம் ஒன்று துணை வேண்டும். பெட்டியின் வலைமூடியில் ஒரு பாதியை ஈரத்துவாயால் மூடி, அதன்மேல் காற்று போகுமாறு விசிறியைத் திருப்பி வைத்தால், நீர் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துச் செல்லும். மறுபாதி திறந்திருக்க வேண்டும். மூடிய பெட்டிக்குள் தண்ணீரைத் தெளித்துவிட்டுக் காற்றையும் அடைத்தால் அது இட்லிச் சட்டி. மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது, வெட்டிவேர்த் தட்டியில் தண்ணீர் தெளித்தால் கூடம் ஏன் குளிர்கிறது என்பவை நம் பாட்டிமாருக்குத் தெரிந்தவை. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அதையே ‘ஆவியாதல் குளிரூட்டி’ என்று விலை கொடுத்து வாங்குகிறார்கள்.

“வீட்டில் பூச்சாடி இருக்கிறதா, மகள்?” என்று கேட்டேன். வர்ணம் பூசாத சுட்ட மண் பூச்சாடி ஒன்று இருந்தது. அதைத் தண்ணீரில் ஊறவைத்து, பெட்டிக்குள் சரித்து வைக்கச் சொன்னேன். (எங்கள் ஊர்க் கண்டி வீதி நெடுகிலும் பித்தளைக் குத்துவிளக்கும் பித்தளைக் குடமும்தான் மின்னும், இந்த வேலைக்கு அவை உதவா.) உறைய வைத்த தண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றிப் பெட்டிக்கு வெளியே, ஒரு பக்கத்துக் கண்ணாடியோடு மட்டும் சாய்த்து வைக்கலாம். பனிக்கட்டியை உள்ளே போடுவதும், சூடேறிய பல்லியைக் குளிர்நீரில் முக்குவதும் கொலைக்குச் சமம். வாயைத் திறந்தபடி இருந்தாலோ, தொட்டால் அசையாமல் துவண்டு கிடந்தாலோ, மெல்ல மெல்லக் குளிர்ந்த இடத்துக்கு மாற்றி, தாமதியாமல் மிருக வைத்தியரிடம் போக வேண்டும்.

பல்லி பிழைத்துக்கொண்டது. அன்றிரவு மாடிப்படிக்குக் கீழே பெட்டிக்குப் பக்கத்தில் பையனும் பாய் விரித்துப் படுத்துக்கொண்டானாம்.

நிற்க. சிறுத்தைப் பல்லியையும் நியூ கலிடோனியாப் பல்லியையும் பல தலைமுறைகளாக வீட்டில் பிறந்த குஞ்சுகளாக வாங்கி, நிழல் கொடுத்து வளர்ப்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. அவர்களிடம் நான் கேட்பது அந்த 25 பாகைப் பக்கத்தை மட்டுமே. ஆனால் இந்த ஆசை அத்தோடு நிற்பதில்லை. சாதாரணப் பல்லி அலுத்துப்போனவர்கள் அரியதைத் தேடுவார்கள். அப்படித் தேடுபவர்களின் கண் விழுந்த இடங்களுள் ஒன்று நான் வாழும் இந்த மலைநாடு.

கண்டியின் பெயரையே தாங்கிய பல்லி ஒன்று உண்டு. இலங்கையிற் பிறந்த மருத்துவரும் இயற்கை ஆய்வாளருமான கெலார்ட் 1852 இல் விபரித்த நீமாஸ்பிஸ் கண்டியானா. விரலளவுகூட இல்லாத இது பகலில் நடமாடுவது. ஆனால் வெயிலில் அன்று, பாறைகளின் மறைவிலும் மரத்தண்டுகளின் நிழலிலும். இந்த இனக்குழுவைச் சேர்ந்த பல்லிகள் பல இலங்கையில் ஒரேயொரு மலையிலோ ஒரேயொரு காட்டுத்துண்டிலோ மட்டும் வாழ்பவை. கிழக்கே போனால், மொனராகலை, அம்பாறைப் பக்கத்துப் பாறைக் குகைகளில், பி. ஈ. பி. தெரணியகல 1953 இல் விபரித்த பெரும் பாறைப் பல்லி இருக்கிறது. அதன் ஒரே உறவினம் திருமலை உட்பட இந்தியாவின் கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் வாழும் பொன்பல்லி. வெளியே பாறை தோசைக்கல்லாய்க் கொதிக்கும். குகைக்குள் இருட்டும் தண்மையும். அந்தக் குகைதான் அதன் உயிர். குகையைப் பெட்டிக்குள் வைத்து யாரும் விற்பதில்லை.

பல்லியைத் தாண்டி ஓணான் இனங்களுக்கு வந்தால் நிலைமை இன்னும் மோசம். நக்கிள்ஸ் மலைத்தொடரின் முகில் தவழும் காடுகளில் மட்டும் வாழும் இரண்டைச் சொல்கிறேன். மூக்கில் இலை போன்ற கொம்புடைய செரட்டோபோரா டெனன்டி ஒன்று. 2006 இல்தான் தனி இனமென அறியப்பட்ட கொபோட்டிஸ் டும்பாரா என்ற குள்ள ஓணான் மற்றையது. பகலிலும் கம்பளி தேவைப்படும் ஈரமான குளிரில் உருவானவை இவை. இவற்றைப் பிடித்து, ஈரத்துணியில் சுற்றி, மலையிலிருந்து இறக்கி, கட்டுநாயக்காவின் வெக்கையில் பயணப்பெட்டிக்குள் மணிக்கணக்கில் காத்திருக்க வைத்துக் கடல் கடத்துவதென்றால், போய்ச் சேருபவை எத்தனை, வழியில் சாகின்றவை எத்தனை என்று யோசித்துக்கொள்ளுங்கள். விற்பனை விளம்பரத்தில் உயிரோடு போய்ச் சேர்ந்தவற்றின் படம் மட்டுமே வரும்.

இவற்றைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் ஏற்றுமதி செய்வதும் இலங்கைச் சட்டப்படி குற்றம். ஆனால் குற்றம் விமான நிலையத்தோடு முடிந்துவிடுகிறது என்பதுதான் வேடிக்கை. பிறந்த நாட்டின் சட்டத்தை மீறிப் பிடிக்கப்பட்ட காட்டு விலங்கை இறக்குமதி செய்வது அமெரிக்காவில் 1900 ஆம் ஆண்டின் லேசி சட்டத்தின்படி குற்றம். ஐரோப்பாவில் அப்படியொரு பொதுச்சட்டம் இருக்கவில்லை. சர்வதேசப் பட்டியலில் பெயர் இல்லையென்றால் சந்தையில் வைத்துப் பகிரங்கமாக விற்கலாம். இலங்கையின் பாதுகாக்கப்பட்ட ஊர்வன வெளிநாட்டுச் சந்தைகளில் விற்கப்படுவதை, நம் நாட்டு ஊர்வன ஆய்வாளர் அன்ஸ்லம் டி சில்வாவும் ஜோர்டி ஜான்சனும் 2019 இல் ஆவணப்படுத்தினார்கள். அதே வருடம் அருகிவரும் இனங்களின் வர்த்தகம் பற்றிய சைட்டிஸ் சமவாயத்தின் 18 ஆவது மாநாடு கொழும்பில் நடப்பதாக இருந்தது. உயிர்த்த ஞாயிறு குண்டுத்தாக்குதல்களின் பின் அது ஒத்திவைக்கப்பட்டு ஆகஸ்ட் மாதத்தில் ஜெனீவாவில் நடந்தது. விருந்தாளிகளை அழைக்க முடியாமற்போன நாடு, அங்கே போய்த் தன் ஓணான்களுக்காக வாதாடியது. நக்கிள்ஸின் அந்த இரண்டும் முதலாம் பட்டியலில் சேர்ந்தன. கன்னொருவைக் காட்டிலும் காணக்கூடிய கூன்மூக்கு ஓணான் இரண்டாம் பட்டியலில் சேர்ந்தது. காட்டில் பிடிக்கப்பட்டவற்றுக்கு ஏற்றுமதிப் பங்கு பூச்சியம். ஆனால் ‘கூண்டில் பிறந்தது’ என்ற சீட்டோடு விற்க இடமிருக்கிறது. கூண்டில் பிறந்ததன் தாய் எங்கே பிறந்தது, பாட்டி எந்த விமானத்தில் போனாள் என்று கேட்பார் யார்?

மலையில் விட்டுவைத்தால் மட்டும் அவை பத்திரமா என்றால், அதுவும் இல்லை. 2010 இல் ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் வெளிவந்த ஆய்வொன்று, மெக்சிக்கோவில் 1975 இன் பின்னர் ஒரு ஓணான் பேரினத்தின் உள்ளூர்த் தொகைகளில் 12 சதவீதம் மறைந்துவிட்டன என்று காட்டியது. வெயில் நேரடியாகக் கொன்றதால் மாத்திரம் நிகழ்ந்ததன்று அது. சூடு கூடக்கூட அவை நிழலில் ஒதுங்கும் நேரமும் கூடியது. இரைதேடும் நேரம் குறைந்தது. பட்டினியில் இனம்பெருக்க முடியாமற்போயிற்று. தாழ்வாரத்துப் பிராணி மேலே ஏறித் தப்பலாம். நக்கிள்ஸின் உச்சியில் இருப்பது எங்கே ஏறும்?

இதை எழுதுகையில் ஒரு குரல் எனக்குக் கேட்கிறது. பத்திரிகையில் இருந்த காலத்திலும் கேட்ட குரல்தான். “மனிசனுக்கே நிழலில்லாத நாட்டில பல்லிக்கு நிழல் தேடுறீரா?” நல்ல கேள்வி. தகரக் கூரையின் கீழ், யன்னல் பெயருக்கு மட்டுமுள்ள லயன் அறைகளில், தோட்டத்துப் பிள்ளைகள் சித்திரை மாதத்தில் வெந்துகொண்டிருப்பதை நான் எழுதியிருக்கிறேன், ஒருமுறையன்று, பலமுறை. அப்போதெல்லாம் இந்தக் குரலைக் காணவில்லை. பல்லி என்றவுடன் மட்டும் மனிதநேயம் பீறிட்டு வருகிறது. கூரையை மாற்று, காற்றுக்கு வழிவிடு, ஒதுங்க ஓர் இடம் வை என்பது லயனுக்கும் பொருந்தும், பெட்டிக்கும் பொருந்தும். ஒன்றைச் சொன்னால் மற்றதை மறந்தோம் என்று பொருளில்லை. கண்டியில் ஓட்டுக்கூரையைப் பிரித்துவிட்டுச் சீமெந்துத் தட்டு போடுபவர்கள், இரண்டாவது வருடமே குளிரூட்டி வாங்குகிறார்கள். ஓட்டுக்கும் வளைமரத்துக்கும் இடையில் பகலைக் கழித்த வீட்டுப் பல்லி அதற்கு முன்னரே வீட்டை மாற்றிவிட்டிருக்கும். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்தது என்று அதைக் கேலி செய்யும் பழமொழி நம்மிடம் உண்டு. வெயில் விஷயத்தில் அது நம்மைவிட விவரமானது.

அந்த வார இதழுக்கு, வெப்பத்தாளைப் பற்றியும் அனுமதிப் பத்திரத்தைப் பற்றியும் ஒரு திருத்தம் எழுதி அனுப்பினேன். பிரசுரமாகவில்லை. எனக்கு வியப்பில்லை, நான் ஆசிரியர் பீடத்தில் இருந்த நாட்களில் திருத்தங்கள் போய்ச் சேர்ந்த மேசை இழுப்பறையை நான் அறிவேன்.

இலண்டன் பையன் இப்போது வளர்ந்துவிட்டான். அந்தப் பல்லி இன்னும் இருக்கிறது, பூச்சாடியும் இருக்கிறது. சில வாரங்களுக்கு முன்னர் ஒரு விளம்பரத்தின் படத்தை அனுப்பியிருந்தான். இலங்கைக் கூன்மூக்கு ஓணான், கூண்டில் பிறந்தது, சோடி விற்பனைக்கு. “தாத்தா, இது உங்க ஊர்ல இருந்து வந்ததுதான? வாங்கலாமா?” என்று கேட்டிருந்தான். இலங்கையிலிருந்து இதன் தாயையும் தகப்பனையும் எந்த வருடம், எந்த அனுமதிப் பத்திரத்தில் கொண்டுவந்தீர்கள் என்று விற்பவரிடம் எழுதிக் கேள், பதில் வந்தால் எனக்கு அனுப்பு என்று சொன்னேன். எழுதிக் கேட்டானாம். நேற்று மறுபடியும் பேசியபோது, இன்னும் பதில் வரவில்லை என்றான்.